கார்த்திகையில் ஒரு வான்கோழி

போன வியாழக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு, சிட்னி கெல்லிவில்லில் ஒரு வீட்டு வாசலில் நின்று, தோட்டத்துக் குழாயால் ஆறு ஐயப்ப சாமிகளின் காலுக்குத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தேன்.

பக்தியில் இல்லை. கார் நிறுத்துகிற டிரைவ்வே கான்கிரீட் அடுப்பு மாதிரி சுட்டது. மாலை போட்டவர்கள், செருப்பு கிடையாது. வீட்டுக்குள்ளே வர மாட்டேன் என்கிறார்கள். திரும்பிப் போகவும் மனசில்லை. ஒவ்வொரு காலாக மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள். பின்பக்கத் தோட்டத்தில் எட்டு கிலோ வான்கோழி ஒன்று, நான் செய்த டிரம்முக்குள் சுற்றிச் சுற்றி வெந்துகொண்டிருக்கிறது. வாசனை தெருமுனை வரைக்கும் போகிறது.

எப்படி இப்படி ஆனது என்று கேட்கிறீர்களா? நானும் ஒரு வாரமாக அதைத்தான் யோசிக்கிறேன்.

இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காக ஒரு வரி... சரி, நாலு வரி. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. திருச்சியில் வெல்டிங் பட்டறை, அப்புறம் சிங்கப்பூரில் கப்பல் பட்டறை, அப்புறம் சிட்னி. இன்றைக்குச் சொந்தப் பட்டறை, சொந்த வண்டி, கீழே ஒன்பது பேர் வேலை. இந்த ஹில்ஸ் பக்கத்தில் நீச்சல்குள வேலி, பக்கவாட்டு கேட், மாடிப்படிக் கைப்பிடி என்று நான் கை வைக்காத தெரு குறைவு. யாரும் சிபாரிசு செய்யவில்லை. யாரும் சொல்லித் தரவில்லை. இதை நான் அடிக்கடி சொல்கிறேன் என்று சில வாசகர்கள் குறைப்படுகிறார்கள். உண்மையை எத்தனை தடவை சொன்னால் என்ன?

அப்படி நான் வேலி போட்ட ஒரு வீடுதான் அருண் – விஜி வீடு. இருவருக்கும் நாற்பதுக்குள் வயது. பன்னிரண்டு வருஷம் அமெரிக்காவில், டல்லஸில் இருந்துவிட்டு, ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் இங்கே வந்தவர்கள். ரெண்டு பேருக்கும் கம்ப்யூட்டர் வேலை. குழந்தை இல்லை. வேலி போட்ட மூன்று நாளும் விஜி எனக்கு வேளாவேளைக்கு டீ கொடுத்தாள். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை வெளியே வந்து, "வேற ஏதாவது வேணுமா அங்கிள்?" என்பாள். எனக்கு ஒன்றும் வேண்டாம். அவளுக்குத்தான் பேச ஆள் வேண்டும் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை. நான் ரொம்ப மரியாதையான பெண் என்று நினைத்துக்கொண்டேன்.

அக்டோபர் மாதம் ஒருநாள் கேட் கீல் கிறீச்சிடுகிறது என்று கூப்பிட்டார்கள். எண்ணெய் விட்டுவிட்டுக் கிளம்பும்போது விஜி சொன்னாள்:

"அங்கிள், நவம்பர் நாலாவது வியாழக்கிழமை எங்க வீட்ல தாங்க்ஸ்கிவிங் டின்னர். நீங்களும் ஆன்ட்டியும் கண்டிப்பா வரணும்."

நன்றி சொல்கிற விருந்தாம். எனக்குத் தெரிந்து நன்றி அறிவிப்பு என்றால் எலெக்‌ஷன் முடிந்த பிறகு, ஜெயித்தவர் ஜீப்பில் கும்பிட்டபடி தெருத்தெருவாக வருவாரே, அதுதான்.

"யாருக்கும்மா நன்றி?" என்றேன்.

"யாருக்குன்னு இல்ல அங்கிள். பொதுவா."

"பொதுவா எதுக்கு? தம்பிக்கு ப்ரமோஷனா?"

"இல்ல அங்கிள்."

"இங்கயே தங்க பி.ஆர். விசா கிடைச்சிடுச்சா?"

"அதோடதான் அங்கிள் வந்து இறங்கினோம்."

"அப்புறம் எதுக்கு?"

"எல்லாத்துக்கும்தான். சும்மா எல்லாரும் சேர்ந்து உக்காந்து சாப்பிடறது. ஆளாளுக்கு மனசுல இருக்கற நன்றியைச் சொல்றது."

ஒன்றும் நடக்காததற்கு விருந்தா? சரி, பணக்கார நாட்டுப் பழக்கம் என்று விட்டுவிட்டேன். "எத்தனை பேர் வர்றாங்க?" என்று கேட்டேன். விஜி அருணைப் பார்த்தாள். அருண் தரையைப் பார்த்தார்.

"இன்னும் யாரையும் கூப்பிடல அங்கிள்... கூப்பிடற அளவுக்கு யாரையும் தெரியாது" என்றார்.

இங்கேதான் நான் வாயை விட்டேன்.

"ஆளை என்கிட்ட விடுங்க. கெல்லிவில்ல எனக்குத் தெரியாத தமிழ் வீடே கிடையாது. பன்னண்டு பேரைக் கொண்டு வந்து உக்கார வெக்கறேன்."

வீட்டுக்கு வருவதற்குள் அஞ்சு போன். முதல் போன் ராமநாதனுக்கு. பேங்கில் பெரிய கம்ப்யூட்டர் வேலை. ஆனால் வருஷா வருஷம் மாலை போடுகிற கூட்டத்துக்கு அவர்தான் குருசாமி. அவர் வந்தால் பின்னாலேயே நாலு குடும்பம் வரும்.

"வர்றோம்ண்ணே. ஆனா அந்த நேரத்துல நாங்க சைவம்."

"அதெல்லாம் ஏகப்பட்டது இருக்கும். கிழங்கு, பூசணி... நான் பாத்துக்கறேன்."

"நாங்களும் எங்க சாப்பாட்டைச் செஞ்சு கொண்டு வந்துடறோம்."

"ரொம்ப நல்லது."

பாருங்கள், எவ்வளவு சுலபம்! அன்றைக்கு ராத்திரி மெல்பர்னில் மகள் வீட்டிலிருந்த என் மனைவி தனத்திடம் போனில் பெருமையாகச் சொன்னேன். அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"என்ன மாசம்?"

"நவம்பர்."

"சரிதான்" என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டாள். அது பாராட்டு என்று நினைத்தேன்.

விருந்துக்கு அஞ்சு நாள் முன்னால், சனிக்கிழமை, அருண் என்னை ஷாப்பிங் சென்டருக்குக் கூட்டிக்கொண்டு போனார். வான்கோழி வாங்க. நன்றி சொல்வதற்கு நடுவில் முழு வான்கோழி வேண்டும் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

உள்ளே நுழைந்ததும் தலை சுற்றியது. வெளியே முப்பத்தஞ்சு டிகிரி. உள்ளே பஞ்சுப் பனி கொட்டின கிறிஸ்துமஸ் மரம். ஒரு பக்கம் ஹாலோவீன் முடிந்தும் விற்காமல் போன பேய் முகமூடிகள். இன்னொரு பக்கம் தீபாவளிக்கு வந்து மீந்த அகல் விளக்கு, பாதி விலைக்கு. எல்லாக் கடைக் கண்ணாடியிலும் கறுப்பு போர்டு, பிளாக் ஃப்ரைடே சேல். அன்றைக்கோ சனிக்கிழமை.

"தம்பி, வெள்ளிக்கிழமை நேத்தே போயிடுச்சே?"

"அது அடுத்த வெள்ளிக்கிழமை அங்கிள்."

"அப்ப ஏன் இப்பவே சேல்?"

"ஆரம்பிச்சு ரெண்டு வாரம் ஆச்சு."

"அப்படி என்ன அந்த வெள்ளிக்கிழமைல?"

"அது தாங்க்ஸ்கிவிங்குக்கு மறுநாள் அங்கிள். அமெரிக்காவுல வியாழக்கிழமை விருந்து சாப்பிட்டுட்டு, வெள்ளிக்கிழமை கடைக்குக் கிளம்புவாங்க."

"இந்த ஊர்லதான் வியாழக்கிழமை விருந்தே கிடையாதே?"

அருண் நின்று யோசித்தார். "ஆமா அங்கிள். கிடையாது."

பந்தியே போடாமல் வாசலில் தாம்பூலப் பை கொடுக்கிறார்கள். நாமும் வரிசையில் நின்று வாங்கிக்கொண்டு போகிறோம். நான்கூட ஒரு டிரில்லிங் மெஷின் வாங்கினேன். பட்டறையில் ஏற்கெனவே பதினொன்று இருக்கிறது. எதற்கு வாங்கினேன்? தெரியாது. எல்லாரும் எதையாவது தூக்கிக்கொண்டு போகும்போது வெறுங்கையோடு நடக்க ஒரு மாதிரி இருந்தது.

வான்கோழிதான் கிடைக்கவில்லை. முதல் சூப்பர் மார்க்கெட்டில் இருந்த பெண், கிறிஸ்துமஸுக்குத்தான் வரும் என்றாள். இரண்டாவதில் வெறும் நெஞ்சுக்கறி, பேப்பர் மாதிரி சீவி, பிளாஸ்டிக் டப்பாவில். அருண் முகம் தொங்கிவிட்டது.

"முழுசா வேணும் அங்கிள். நடு டேபிள்ல முழுசா இருந்தாத்தான் அது தாங்க்ஸ்கிவிங்."

எனக்குத் தெரிந்த கறிக்கடைக்காரர் ஒருவர் இருக்கிறார். லெபனான்காரர். அவர் கடைக் குளிர் அறைக்கு ஸ்டீல் அலமாரி அடித்துக் கொடுத்தது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. போன் போட்டேன். போனதும் உள்ளேயிருந்து ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து மேஜையில் வைத்தார். டங் என்று சத்தம். போன கிறிஸ்துமஸுக்கு முந்தினதோ என்னவோ, பாறாங்கல் மாதிரி உறைந்து கிடந்தது. அருண் அதைக் கைக்குழந்தையை வாங்குகிற மாதிரி இரண்டு கையாலும் வாங்கினார். கூடவே தொட்டுக்கொள்ள சிவப்பு ஜாம் இரண்டு பாட்டில். கறிக்கு ஜாம்! சர்க்கரைவள்ளிக் கிழங்கின் மேல் போட என்று பஞ்சு பஞ்சாக மார்ஷ்மெல்லோ மிட்டாய். கிழங்குக்கு மிட்டாய்! நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் இன்னும் குழம்பும்.

திரும்பி வரும்போதுதான், வண்டியில், அருண் மெதுவாக ஆரம்பித்தார்.

"அங்கிள், ஒண்ணு சொல்லட்டுமா? விஜிகிட்ட நான் சொன்னேன்னு காட்டிக்காதீங்க."

"சொல்லு தம்பி."

"திரும்பி டல்லஸுக்கே போயிடலாம்னு சொல்றா. என்னோட பழைய கம்பெனில வரச் சொல்லிக் கேட்டுட்டுதான் இருக்காங்க. டிசம்பருக்குள்ள பதில் சொல்லணும். அங்க தாங்க்ஸ்கிவிங்னா எங்க வீட்ல இருபத்தஞ்சு பேர் இருப்பாங்க அங்கிள். இங்க எல்லாரும் நல்லாத்தான் ஹாய் சொல்றாங்க... அதோட சரி. போன மாசம் அவளுக்குக் காய்ச்சல். நாலு நாள். நான் ஆபீஸ் போயிட்டா, எட்டிப் பாக்க ஆள் இல்ல."

"ம்."

"எனக்கு இந்த ஊர் பிடிச்சிருக்கு அங்கிள். ஆனா அவ தனியா உக்காந்திருக்கறதைப் பாக்க முடியல. இந்த டின்னர் நல்லா நடந்தா இருக்கலாம்னு சொல்லியிருக்கா. கடைசியா ஒரு தடவை."

எட்டு கிலோ வான்கோழி என் மடியில் இருந்தது. தொடை மரத்துப்போச்சு. "பன்னண்டு பேர் வர்றாங்க தம்பி. என் பேச்சு பேச்சுதான்" என்றேன்.

வியாழக்கிழமை விஜி லீவு. முந்தின நாளும் லீவு. அவளுடைய ஓவனில் பூசணிக்காய் 'பை' பலகாரம், கிழங்கு, பீன்ஸ் என்று வரிசையாக வேகவேண்டியிருந்ததால் பறவைக்கு இடமில்லை. விடுவேனா? பட்டறையில் ஒரு ஸ்டீல் டிரம்மை நெடுக்காக வெட்டி, நடுவில் கம்பி கொடுத்து, பழைய காரின் வைப்பர் மோட்டாரை மாட்டி, தானாகச் சுற்றுகிற மாதிரி பண்ணிக்கொண்டு வந்து தோட்டத்தில் வைத்தேன். எந்த இன்ஜினீயரும் டிராயிங் போட்டுத் தரவில்லை. மத்தியானம் ஒரு மணிக்குச் சுற்ற ஆரம்பித்தது. அஞ்சு மணிக்குத் தேன் நிறம். நானே நின்று ரசித்தேன்.

உள்ளே நீள மேஜை. வெள்ளைத் துணி. தட்டுக்குத் தட்டு பெயர் எழுதின அட்டை, விஜியே கையால் எழுதியது. பக்கத்தில் இலை மாதிரி வெட்டின காகிதம், ஆளாளுக்கு நன்றி எழுத. அந்தப் பெயர்களை அவள் எப்படிக் கற்றுக்கொண்டாள் தெரியுமா? முந்தின நாள் எனக்குப் போன் பண்ணி ஒவ்வொருத்தரும் யார், என்ன வேலை, எழுத்து எப்படி என்று கேட்டுக் கேட்டு எழுதினாள். அரை மணி நேரம்.

முதலில் வந்தது தாசன். யாழ்ப்பாணத்துக்காரர், என் வயசு, ஹோம்புஷில் இருக்கிறார். ட்ரெயின் மாறி மெட்ரோ பிடித்து வந்திருந்தார்.

"ஐசே, எங்கை உம்மடை வான்கோழி?" என்று கேட்டுக்கொண்டே நேரே தோட்டத்துக்குப் போய்விட்டார். மேஜையில் இருந்த காகித இலையை எடுத்து, "இது என்னத்துக்கு?" என்றார். நன்றி எழுத என்று அருண் சொன்னார். "அப்ப சாப்பிட்டு ருசி பாத்திட்டு எழுதுவம்."

ஆறு மணிக்கு மூன்று கார் வந்து நின்றது. எட்டிப் பார்த்தேன். கதவு திறந்தது. கறுப்பு வேட்டி. இன்னொரு கதவு. கறுப்பு வேட்டி. ஆறு பேர், நெற்றி நிறையச் சந்தனம், கழுத்தில் மாலை. வீட்டுப் பெண்கள் கையில் பெரிய பெரிய பாத்திரம்.

கார்த்திகை மாசம்!

மனைவி கேட்டது இந்த மாசத்தை. மாலை போட்டால் கறி ஆகாது என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். வியாழக்கிழமை வான்கோழி என்பதும் சனிக்கிழமையிலிருந்து தெரியும். ராமநாதன் சைவம் என்று சொன்னதும் தெரியும். ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும். மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தான் தோன்றவில்லை. கறி சமைக்கிற வீட்டில் அவர்கள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள்.

ராமநாதன் டிரைவ்வேயில் நாலடி வைத்தவர் அப்படியே நின்றார். மூக்கை உறிஞ்சினார்.

"சாமி, என்ன வாசனை இது?"

"அது... வான்கோழி, சாமி."

"வான்கோழியா!"

"சாமி சரணம்" என்றார் பின்னால் ஒருவர். "சாமி, கால் சுடுது சாமி" என்றார் இன்னொருவர். அப்போதுதான் நான் குழாயைத் தேடி ஓடினேன்.

சத்தம் கேட்டு விஜி வாசலுக்கு வந்தாள். புதுப் பட்டுச் சேலை. முகமெல்லாம் சிரிப்பு. அவர்கள் நிற்கிறதைப் பார்த்தாள். நான் குழாயோடு நிற்கிறதைப் பார்த்தாள். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

"ஏன் அங்கிள் யாரும் உள்ள வரல? நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா?"

சமாளித்துவிடலாம் என்று நினைத்தேன்.

"சாமி, பறவை பின்பக்கம்தான் இருக்கு. வீட்டுக்குள்ள காலே வெக்கல" என்றேன்.

"காலைக் கட்டியெல்லோ கம்பியிலை குத்தியிருக்கு, எப்பிடி வைக்கும்?" என்றார் தாசன் பின்னாலிருந்து.

நான் விஜிக்குக் கண்ணைக் காட்டினேன். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் என்னைப் பார்த்தாள். ராமநாதனைப் பார்த்தாள்.

"இல்லைங்க. நாலு நாள் எங்க ஃப்ரிட்ஜுலதான் இருந்துச்சு. நேத்து கிச்சன் சிங்க்லதான் கழுவினேன். மத்ததெல்லாமும் அங்கதான் செஞ்சேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கு என்ன மாசம்னே தெரியாதுங்க. தெரிஞ்சிருந்தா வாங்கியிருக்கவே மாட்டேன்."

நான் குழாயை மூடினேன். அருண் கதவோரம் நின்று விஜியின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். டிசம்பர் பதிலை அவர் அப்போதே எழுதிவிட்டார் என்று அவர் முகத்தில் தெரிந்தது.

"தப்பு என்னோடது சாமி" என்றேன். "நீங்க மாலை போடுவீங்கன்னு அந்தப் பொண்ணுக்குத் தெரியாது. இங்க கறின்னு உங்களுக்குத் தெரியாது. ரெண்டும் தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான். நான்தான் யோசிக்கல."

இத்தனை வருஷப் பத்தியில் இப்படி ஒரு வாக்கியம் நான் எழுதினதில்லை. வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

ராமநாதன் என்னை ஒரு பார்வை பார்த்தார். அவர் மனைவி மீனாட்சிதான் கையிலிருந்த பாத்திரத்தை இடுப்பில் மாற்றிக்கொண்டு முன்னால் வந்தார். ஆஸ்பத்திரியில் நர்ஸ்களுக்கெல்லாம் மேலே இருக்கிற நர்ஸ். யாரிடமும் கேட்கிற பழக்கம் கிடையாது, சொல்கிற பழக்கம்தான்.

"சரி, அதுக்கு எதுக்கு அழறே? எதிர்ல பார்க் இருக்குல்ல? பார்க் யார் வீடும் இல்ல. புல்லும் இருக்கு, இவங்க காலும் ஆறும். எங்க சாப்பாடு எங்க கையில இருக்கு. நீயும் அங்க வா."

"நான் என்ன கொண்டு வரட்டும்?"

"உன் வீட்ல செஞ்சது எதுவும் வேண்டாம். வெட்டாத பழம் இருக்கா?"

"ஒரு பெட்டி மாம்பழம் இருக்கு."

"அது போதும். போய்த் தலைக்குக் குளிச்சுட்டு, இந்தச் சேலையை மாத்திட்டு வா. கத்தி எடுக்காதே. எங்க கத்தி இருக்கு."

பத்தே நிமிஷம். ஈரத் தலையும் பருத்திச் சேலையுமாக, மாம்பழப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு விஜி தெருவைத் தாண்டிப் போனாள். இரண்டு நாள் சமைத்தவள், தன் வீட்டு விருந்துக்கு, தன் வீட்டுச் சாப்பாடு ஒரு துளி இல்லாமல்! பார்க்கில் கூரை போட்ட மேஜை ஒன்று இருந்தது. அதன் பக்கத்தில் கறி சுடுகிற பார்பிக்யூ தட்டு இருந்ததால் அதுவும் ஆகாதாம். புல்லில் ஜமக்காளம் விரித்தார்கள்.

கறி தொட்ட கை என்பதால் எனக்கு அங்கே வேலையில்லை. இங்கே பன்னிரண்டு தட்டுப் போட்ட மேஜையில் மூன்று பேர் உட்கார்ந்தோம். நான், தாசன், அருண். நடுவில் வான்கோழி, அரசன் மாதிரி. ஒன்பது அட்டையில் ஒன்பது பெயர், ஆள் இல்லை.

தாசன் மட்டும் சந்தோஷமாக இருந்தார். "நான் வெள்ளிக்கிழமை மட்டும்தான் விரதம் பிடிக்கிறனான். இண்டைக்கு வியாழன். விடியிறவரைக்கும் நேரம் கிடக்கு. இந்த ஜாமை இஞ்சாலை தள்ளும்."

அருண் ஒரு காலைப் பிய்த்துத் தட்டில் வைத்தார். சாப்பிடவில்லை. ஜன்னல் வழியே பார்க்கையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் இரண்டாவது துண்டு எடுக்கும்போது, "அங்கிள்... அவ சிரிக்கிறா" என்றார்.

எட்டிப் பார்த்தேன். மீனாட்சி ஏதோ திட்டிக்கொண்டிருந்தார். விஜி மாம்பழத்தைக் கன்னாபின்னாவென்று வெட்டியிருப்பாள் போலிருக்கிறது. அவர் கத்தியைப் பிடுங்கி வெட்டிக் காட்டினார். திரும்ப அவள் கையில் கொடுத்தார். அவள் வெட்டினாள். திரும்பவும் திட்டினார். அவள் சிரித்தாள். திட்டினால் சிரிப்பார்களா? எனக்கு ஒன்றும் புரியவில்லை.

இருட்டுகிற நேரத்துக்குத் திரும்பி வந்தாள். அருண் அப்போதுதான் அந்தக் காலை வாய்க்குக் கொண்டுபோனார்.

"அருண், கீழ வைங்க."

கால் அந்தரத்தில் நின்றது.

"சனிக்கிழமை மீனாட்சியக்கா வீட்ல பூஜை. எண்பது பேர் வருவாங்களாம். காய் நறுக்க விடிகாலை அஞ்சு மணிக்கு வந்துடுன்னு சொல்லிட்டாங்க. அதுவரைக்கும் வீட்ல கறி கூடாது. உங்களுக்கும்தான். அங்கிள், இந்தப் பறவையை மொத்தமா எடுத்துட்டுப் போயிடறீங்களா? நான் கிச்சனைக் கழுவணும்."

"நீ ஒரு துண்டு ருசி பாக்கலியேம்மா?"

"நேரமில்ல அங்கிள்."

தாசனுக்குக் கொஞ்சம் கட்டிக் கொடுத்துவிட்டு, மீதி வான்கோழியை என் யூட் வண்டியில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். நான் கிளம்பும்போது விஜி பாடிக்கொண்டே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். காகித இலைகள் பன்னிரண்டும் வெள்ளையாகவே இருந்தன. ஒருத்தரும் ஒருத்தருக்கும் நன்றி சொல்லவில்லை.

மறுநாள் காலையில் தனத்துக்குப் போன் போட்டேன். மாசத்தைப் பற்றி அவள் பேச வேண்டியதைப் பேசி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, என் குழப்பத்தைச் சொன்னேன்.

"ரெண்டு நாள் நின்னு சமைச்சிருக்கா. ஒரு பருக்கை யாரும் தொடல. அப்புறம் பாத்திரத்தைத் தேய்க்கும்போது பாடிக்கிட்டே தேய்க்கிறாளே, ஏன்?"

"அவளை வேலைக்குக் கூப்பிட்டாங்கல்ல?"

"அதுல என்ன சந்தோஷம்?"

"விருந்துக்கு யாரை வேணும்னாலும் கூப்பிடலாங்க. காய் நறுக்க நம்ம வீட்டு ஆளைத்தான் கூப்பிடுவோம்."

நான் யோசித்துப் பார்த்தேன். ஒன்றரை வருஷமாக இந்தக் கெல்லிவில்லில் எத்தனை பேர் அந்தப் பெண்ணைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள்? "எப்ப வேணும்னாலும் சொல்லுங்க, ஹெல்ப் பண்றோம்" என்று எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள்? அவளிடம் ஒரு உதவி கேட்க யாருக்கும் தோன்றவில்லையே. எனக்கும் தோன்றவில்லை. மூன்று நாள் உட்கார்ந்து டீ மட்டும் குடித்தேன்.

சனிக்கிழமை பத்து மணிக்கு மீனாட்சி வீட்டுப் பூஜைக்குக் கிளம்பினேன். குளித்து, பட்டை போட்டு, வெள்ளை வேட்டி. வாசல் நிறையக் கார். அருண் ஒரு பெரிய அண்டாவை இன்னொருவரோடு சேர்ந்து தூக்கிக்கொண்டு போனவர் என்னைப் பார்த்து மூச்சு வாங்கினார்.

"அங்கிள், கம்பெனிக்கு வரலைன்னு மெயில் போட்டாச்சு. அவளே டைப் பண்ணினா!"

சந்தோஷமாக கேட்டில் கை வைத்தேன். உள்ளேயிருந்து விஜி வந்தாள். புறங்கை எல்லாம் மஞ்சள், இடுப்பில் துண்டு, கையில் கரண்டி. அஞ்சு மணி நேரத்தில் ஆளே மாறியிருந்தாள்.

"அங்கிள், காலைல என்ன சாப்பிட்டீங்க?"

எனக்குப் பொய் வராது. குறைந்தபட்சம், அவளிடம் இனிமேல் வராது. "பிரெட்டு... நடுவுல கொஞ்சம் அந்தப் பறவை" என்றேன். எட்டு கிலோ! நான் ஒருத்தன் எத்தனை வேளைக்குத்தான் சாப்பிடுவேன்?

"அப்ப உள்ள வராதீங்க. அங்கயே நில்லுங்க. நான் கொண்டு வந்து தர்றேன்."

யாரிடம்? என்னிடம்! அவளுக்கு ராமநாதன் யார், மீனாட்சி யார் என்று சொல்லிக் கொடுத்ததே நான்தான்.

ஒரு டம்ளர் பாயசம் கொண்டு வந்து கேட்டுக்கு மேலே நீட்டினாள். நல்ல பாயசம். "இது யாரும்மா செஞ்சது?" என்று கேட்பதற்குள் உள்ளே ஒரு குரல், "விஜி, தேங்காய் எங்க வெச்சே?" அடுத்த குரல், "விஜி, இதுல உப்புப் போட்டாச்சா?" மாடியிலிருந்து மீனாட்சி, "ஏய் விஜி!"

"வர்றேன்க்கா!" என்று கத்திக்கொண்டு ஓடிவிட்டாள்.

டம்ளரை யாரிடம் திருப்பிக் கொடுப்பதென்று தெரியாமல் அரை மணி நேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.